முதல் வாய்க்காலில் ஒளி

முதல் வாய்க்கால் இருட்டாக இருக்க வேண்டும். அது ஆரோக்கியமான ஆளின் இரத்தம் ஓடும் வாய்க்கால். நாலாவதில் பித்தப்பைப் புற்றுநோய் என்று உறுதியான நோயாளியின் இரத்தம் ஓடும். நீல விளக்கைப் போட்டால் அது மட்டும் பச்சையாக ஒளிர வேண்டும். அன்று காலை இரண்டுமே ஒளிர்ந்தன. டாக்டர் நிபால்டோ ஸ்டெக்மையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கண்ணாடி என்ன பாவம் செய்தது? ஒளிர்ந்தது ஒளிர்ந்தபடியே இருந்தது.

"இன்ஹெனியேரா, இந்தத் தடவையும் சிப் சொதப்பிடுச்சு," என்றார்.

மற்ற நாட்களில் அவர் ஒரியேத்தா என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். எஞ்சினியருக்கு உரிய பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். ஒரியேத்தா குரிவாலுக்குச் சுருக்கென்றது. அந்தச் சில்லு அவள் பெற்ற பிள்ளை மாதிரி. கட்டைவிரல் அகலத்தில், கண்ணாடி போலத் தெளிந்த ஒரு ரப்பர்த் துண்டு; அதற்குள் தலைமயிரைவிடச் சன்னமாக நான்கு வாய்க்கால்கள். ஒரு சொட்டு இரத்தம் விட்டால் அது தானாக உள்ளே ஓடும். புற்றுநோய் இரத்தத்தில் உதிர்க்கும் புரதம் அதில் இருந்தால், வாய்க்காலின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும். வரைந்தவள் அவள், வார்த்தவள் அவள். தெமுக்கோ நகரைச் சுற்றி மலையோரத்திலும் கடலோரத்திலும் ஸ்கேனுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும் பெண்களை நினைத்துத்தான் அதைச் செய்தாள். அவளுடைய அக்காவும் அப்படிக் காத்துக் கிடந்தவள்தான். முறை வந்தபோது அக்காவின் கண் மஞ்சளாகியிருந்தது.

"சிப்ல தப்பு இல்ல டாக்டர்."

"பின்ன எதுல தப்பு? ஆரோக்கியமான ரத்தம் ஒளிருது. சுவர்ல கசிவு இருக்கணும், இல்ல வார்க்கும்போது உங்க கை பட்டிருக்கணும்."

"என் கை சுத்தம்."

"அப்ப பேய் வந்து விளக்கேத்திட்டுப் போச்சாக்கும்!"

மூலையில் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் எதுவிகெஸ் களுக்கென்று சிரித்துவிட்டாள். ஒரியேத்தா திரும்பி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டாள். எதுவிகெஸின் மகனுக்கு ஞானத்தாய் ஒரியேத்தாதான். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த உரிமையில்தான் சிரிப்பும் முறைப்பும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆரோக்கியமான ஆள் வேறு யாருமில்லை, ஒரியேத்தாவேதான். ஆய்வகங்களில் இது சாதாரணம். நோயாளியின் இரத்தத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். நோயில்லாத இரத்தத்துக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் கை போதும். வேலை தொடங்கியபோது ஆய்வகத்துப் பெண்கள் எல்லோரும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குப் பித்தப்பையில் கல். இந்தச் சீமையில் அது சளி பிடிப்பது மாதிரி. ஒரியேத்தாவின் பை மட்டும் கழுவித் துடைத்த கிண்ணம் போல இருந்தது. அக்காவைப் பறிகொடுத்த வீட்டில் இவள் தப்பிவிட்டாள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அவள் பெயரையே எழுதி அனுமதிக் குழுவில் கொடுத்தார்கள். இன்னொரு பெயரைச் சேர்க்க வேண்டுமானால் மறுபடி குழு கூட வேண்டும், மாதங்கள் ஓடிவிடும். யாரும் மெனக்கெடவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது இரத்தம் எடுக்க வேண்டும் என்பது விதி. ஊசி என்றால் ஒரியேத்தாவுக்கு ஆகாது. முதல் தடவை எடுத்ததைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறையவைத்து, சில்லின் வாய்க்காலை இன்னும் சன்னமாக்கி, அரைச் சொட்டு, கால் சொட்டு என்று மிச்சம்பிடித்து இரண்டு வருடம் ஓட்டிவிட்டாள். எப்பேர்ப்பட்ட சாமர்த்தியம் என்று டாக்டரே போகிற கூட்டத்திலெல்லாம் சொல்லிப் பெருமையடித்தார். இந்த இலையுதிர் காலத்தில் அந்தக் கையிருப்பு தீர்ந்துபோக, எதுவிகெஸ் புதிதாக எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்துதான் முதல் வாய்க்கால் ஒளிர்கிறது. ரப்பரை மாற்றினார்கள். அச்சை மாற்றினார்கள். கழுவும் நீரை மாற்றினார்கள். ஒளி போகவில்லை.

ஆக, இரண்டில் ஒன்றுதான். ஒன்று அவள் செய்த சில்லு கெட்டிருக்க வேண்டும், இல்லை அவளுடைய இரத்தம் கெட்டிருக்க வேண்டும். இவ்வளவு படித்தவர்கள் இருந்த அறையில் ஒருத்தருக்குக்கூட இது தோன்றவில்லையா என்றால், தோன்றியிருக்கும். வாயில் வரவில்லை. ஒரியேத்தாவோ, சில்லில் தப்பில்லை, சில்லில் தப்பில்லை என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாளே தவிர, தன் வாய் சொல்வதைத் தன் காதால் கேட்கவில்லை.

மத்தியானம் மழை கொட்டியது. தெமுக்கோவில் குளிர்காலத்து மழை வந்தால் வேறு பேச்சே கிடையாது, பூசணி பிசைந்த சொபாய்பிய்யாவைப் பொரித்துத் தின்ன வேண்டியதுதான். எதுவிகெஸ் வீட்டிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரே சுரைக்குடுவையில் மாத்தே தேநீரை மாற்றி மாற்றி உறிஞ்சினார்கள். வெளியே ஊரெல்லாம் விறகுப் புகை.

"அந்த ஆளுக்கு வாய் ரொம்ப நீளுது," என்றாள் ஒரியேத்தா. "அடுத்த வாரம் மந்திரி ஆபீஸ்காரங்க வராங்கல்ல, அந்தப் பயத்துல என்னைக் கடிச்சுக் குதறுறார். அதுக்குள்ள சரி பண்ணலேன்னா கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்குக் குடுக்கிறதையே நிறுத்திடுவாராம். தலைநகர் சந்தியாகோவுக்கு அனுப்பி, என் வரைபடத்தை வேற யாரோ பாப்பாங்களாம். இதைவிடக் கன்னத்துல ஒண்ணு விட்டிருக்கலாம்."

எதுவிகெஸ் குடுவைக்குள் வெந்நீர் ஊற்றினாள்.

"என்ன, வாய்ல கொழுக்கட்டையா?"

"கொமாத்ரே, ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். கோவிச்சுக்காதே. சிப் சரியா இருந்தா?"

"சரியாத்தான் இருக்கு. அதைத்தானே கரடியாக் கத்துறேன்."

"அதில்ல..."

"எது இல்ல?" கேட்டபிறகுதான் ஒரியேத்தாவுக்குப் புரிந்தது. கையிலிருந்த பண்டத்தைத் துணியில் போட்டாள். "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? எனக்கு வலி இருக்கா? மஞ்சள் இருக்கா? உன் பங்கையும் சேத்து நான்தான் தின்னுட்டிருக்கேன், பாத்துட்டுத்தானே இருக்கே?"

"உங்க அக்காவும் நல்லாத்தான் தின்னுட்டிருந்தா."

ஒரியேத்தா எழுந்து போய்விட்டாள். அன்று முழுக்க எதுவிகெஸின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் குழாயடியில் கை கழுவும்போது கண்ணாடியில் கீழிமையை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். விழி வெள்ளையாகத்தான் இருந்தது. சரி, இந்தப் பேச்சுக்கு ஒரு முடிவு கட்டிவிடுகிறேன் என்று பல்லைக் கடித்தாள்.

முடிவு கட்ட வழியும் இருந்தது. மிச்சம்பிடிக்கிற புத்தி உள்ளவர்கள் கடைசிக் காசு வரை செலவழிக்க மாட்டார்கள் அல்லவா? உறைபெட்டியின் அடித்தட்டில், வேறொரு டப்பாவில், பழைய இரத்தத்தில் ஒரு குழாயை அவசரத்துக்கு என்று அவள் ஒதுக்கி வைத்திருந்தாள். அது டாக்டருக்கே தெரியாது. பழைய இரத்தத்தையும் புது இரத்தத்தையும் ஒரே சில்லில் ஓட்டினால் தீர்ந்தது. சில்லு கசிந்தால் எல்லா வாய்க்காலும் ஒளிரும். அப்போது தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலையில் எதுவிகெஸை வரச்சொன்னாள். கோபமெல்லாம் அவளிடம் ஒரு ராத்திரிக்கு மேல் தாங்காது.

"கையைக் காட்டு. உன் ரத்தமும் வேணும்."

"குழுவோட அனுமதி?"

"குழு சனிக்கிழமை தூங்கும். காட்டு."

முதல் வாய்க்காலில் தன் பழைய இரத்தம். இரண்டில் எதுவிகெஸின் இரத்தம். மூன்றில் தன் புது இரத்தம். நாலில் நோயாளி. சொட்டுகளை விட்டுவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்து அறையில் டாக்டர், மந்திரி ஆபீஸ்காரர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டிய படங்களோடு மல்லாடிக்கொண்டிருந்தார். வானொலியில் யாரோ கால்பந்து பற்றி இரைந்துகொண்டிருந்தார்கள். கழுவும் நீரை விட்டாள். நீல விளக்கைப் போட்டாள்.

முதல் வாய்க்கால் இருட்டு. இரண்டாவது இருட்டு. மூன்றாவதும் நாலாவதும் ஒளிர்ந்தன. கசிவு இல்லை, அழுக்கு இல்லை, கோடு கிழித்தது போலப் பிரிந்து நின்றன.

"பாத்தியா!" ஒரியேத்தா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நிபால்டோ! டாக்டர்! இங்க வாங்க, சீக்கிரம்! சிப் சொதப்பிடுச்சா? சந்தியாகோவுக்கு அனுப்பணுமா? வந்து பாருங்க! என் கை சுத்தம்னு சொன்னேனே, கேட்டீங்களா?"

குதித்தாள் என்றே சொல்ல வேண்டும். ஐம்பத்து மூன்று வயதுப் பெண்பிள்ளை, மாதக்கணக்காக வாங்கிக் கட்டிக்கொண்டவள், ஜெயித்துவிட்டாள். அந்த ஒரு நிமிஷம் உலகத்தில் வேறு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. எதுவிகெஸைக் கட்டிப்பிடிக்கத் திரும்பினாள். எதுவிகெஸ் பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்தியபடி நின்றிருந்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

டாக்டர் வந்தார். குனிந்து பார்த்தார். குழாய்களில் ஒட்டியிருந்த பெயர்களையும் தேதிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஒரியேத்தா," என்றார். பட்டமில்லாமல், வெறும் பெயரை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தள்ளிவிட்ட நாற்காலியைத் தேடி இழுத்து, அதில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு... இல்ல, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை காலையில ஸ்கேன் பண்ணிடலாம். எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க, நான் பேசறேன். வரிசையெல்லாம் வேண்டாம்," என்று டாக்டர் அடுக்கிக்கொண்டே போனார். "சிப் தப்பாவும் இருக்கலாம். எத்தனையோ காரணம் இருக்கும். சும்மா ஒரு வீக்கம் இருந்தாக்கூட..."

"சிப் தப்பில்ல," என்றாள் ஒரியேத்தா. ஆனால் இந்தத் தடவை குரல் எழும்பவில்லை.

திங்கட்கிழமை, ஸ்கேன் அறையின் குளிர்ந்த கட்டிலில் வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது அவள் வேண்டிக்கொண்டாள். கோயில் பக்கம் போய் வருடக்கணக்காகிறது, ஆனாலும் வேண்டிக்கொண்டாள். கடவுளே, என் சில்லு தப்பாகப் போகட்டும். கசியட்டும். என் கை அழுக்காக இருக்கட்டும். நான் ஒன்றுக்கும் உதவாத எஞ்சினியர் என்று ஊரே காறித் துப்பட்டும். என் வரைபடத்தைச் சந்தியாகோவுக்கு அனுப்பிக் கிழித்துப் போடட்டும். எது வேண்டுமானாலும் போகட்டும், இது மட்டும் வேண்டாம்.

ஸ்கேன் செய்த டாக்டரம்மா முதலில் மழையைப் பற்றிப் பேசினாள். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள். ஒரு மகள், அந்தோஃபகாஸ்தாவில் சுரங்கத்து ஆபீசில் வேலை என்று ஒரியேத்தா சொன்னாள். கருவி வலது விலா எலும்புக்குக் கீழே வந்ததும் டாக்டரம்மாவின் பேச்சு நின்றது. ஒரே இடத்தில் அழுத்தி, திருப்பி, மறுபடி அழுத்தினாள்.

"எத்தனை நாளா வலி?"

"வலியே இல்ல."

"ம்," என்றாள் அவள்.

பையின் சுவர் தடித்து, அங்கிருந்து ஈரலுக்குள் வேர்விட்டிருந்தது. வெட்டி எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று அறுவை டாக்டர் அந்த வாரமே சொன்னார். மருந்து ஏற்றலாம், கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் பையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றும் சொன்னார். எதற்குத்தான் சொல்கிறார்களோ அதை!

அந்த ஒரு வருடம் ஒரியேத்தாவை விடவில்லை. ஒரு வருடம் முன்னால் அவள் எங்கே இருந்தாள்? சில்லுக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். உறைந்த பழைய இரத்தத்தை உருக்கி உருக்கி, ஆரோக்கியம், ஆரோக்கியம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பில் ஓடிக்கொண்டிருந்த இரத்தத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவில்லை. விதிப்படி ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி குத்திக்கொண்டிருந்தால் அவளுடைய பிள்ளையே அவளுக்குச் சொல்லியிருக்கும். மிச்சம்பிடித்தாளே, பாவி, தன் உயிரில் மிச்சம்பிடித்தாள். எதுவிகெஸின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாய்விட்டு, சத்தம் போட்டு அழுதாள்.

மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகும், முடிகிற நாட்களில் ஆய்வகத்துக்கு வந்தாள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைவிட இது மேல் என்றாள். மந்திரி ஆபீஸ்காரர்களின் வருகை தள்ளிப்போயிருந்தது. அவர்கள் வருவதற்குள் ஒரு புதிய ஆரோக்கியமான ஆள் வேண்டும். குழு இந்தத் தடவை ஒரே வாரத்தில் அனுமதி கொடுத்துவிட்டது. ஆய்வகத்தில் கல் இல்லாத யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் யாரும் கொடுக்கவில்லை. மாணவர்களுக்குத் திடீரென்று பரீட்சை வந்தது. கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு இரத்தசோகை வந்தது. எதுவிகெஸின் முறை ஏற்கனவே முடிந்துவிட்டது. அவளுக்குக் கல் இருக்கிறது, ஆரோக்கியமான ஆள் என்று அவளை எழுத முடியாது. வாசலில் ஒரியேத்தாவின் தலை தெரிந்தால் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கோபம்கூட வரவில்லை.

கடைசியில் அறையில் டாக்டர் மட்டும் இருந்த ஒரு நாள், அவரிடமே கேட்டாள்.

"கையை நீட்டுங்க, நிபால்டோ."

"எனக்கா?" அவர் சட்டைக் கையின் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். "காலையில காப்பி குடிச்சுட்டேனே."

"இதுக்கு வெறும் வயிறெல்லாம் வேண்டாம். உங்களுக்குத் தெரியாததா?"

"நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாப்பது ஊரு ஆஸ்பத்திரிக்கு இதைத் தூக்கிட்டுப் போய், வாங்கம்மா, ஒரு சொட்டுதான், பயப்படாதீங்கன்னு சொல்லப்போறீங்க. சொல்லுவீங்கல்ல?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்குப் பயமா இருக்கு, ஒரியேத்தா," என்றார். "எங்க அப்பாவுக்கும் இதுதான். யார்கிட்டயும் சொன்னதில்ல."

"எனக்கும் பயமா இருக்கு," என்றாள் அவள். "நீட்டுங்க."

எதுவிகெஸைக் கூப்பிட்டார்கள். ஊசி ஏறும்போது டாக்டர் சின்னப்பிள்ளை போலக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரியேத்தா சொட்டை விட்டாள். மருந்தால் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. சொட்டுவிடும் குழலை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. கழுவும் நீரை விட்டாள். விளக்கைப் போட்டாள். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

முதல் வாய்க்கால் இருட்டாக இருந்தது.

"அப்பாடா!" என்று டாக்டர் சத்தமாகவே சிரித்துவிட்டார். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க ஒரியேத்தா. நான் ஒரு மடையன். மன்னிச்சுக்கங்க."

ஒரியேத்தா அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்காலின் ஓரம் கொஞ்சமும் பிசிறில்லாமல், அவள் வரைந்தபடியே இருந்தது. இதற்காகத்தான் இத்தனை வருடம் பாடுபட்டாள். இதைப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும். அவளுக்கு வயிறெரிந்தது. அந்த மனிதர் மேல், எதுவிகெஸ் மேல், அறைக்கு வெளியே குனிந்துகொண்டு போகிற ஒவ்வொரு இரத்தத்தின் மேலும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

"சிப் நல்லா இருக்கு டாக்டர்," என்றாள். "கிராமத்துக்கு அனுப்பிடுங்க."

அப்புறம் விளக்கை அணைக்கக் கையை நீட்டினாள். மரத்துப்போன விரலுக்கு அந்தப் பொத்தான் அகப்படவில்லை. எதுவிகெஸ் வந்து அணைத்தாள்.